திரும்ப வந்துவிடுமோ என்ற பயத்தோடு நாளை ஓட்டுவது எப்படி

மார்பகப் புற்றுநோய்க்கு ரேடியேஷன் முடிந்ததும் வீட்டில் எல்லோரும் அப்பாடா என்று மூச்சு விடுவார்கள், நமக்கு அப்போதுதான் பயம் ஆரம்பிக்கும். அதுவரை அடிக்கடி டாக்டரோ நர்ஸோ நம்மைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள், திடீரென்று மூன்று மாதம் கழித்து வாங்கம்மா என்று அனுப்பிவிட்டார்கள். முதுகு வலித்தால் எலும்புக்குப் போய்விட்டதோ, இருமினால் நுரையீரலோ என்று மனசு ஓடும். மார்பகப் புற்றுநோய் சிகிச்சை முடித்த பெரும்பாலானவர்களுக்கு இது ஏதோ ஓர் அளவில் இருக்கிறது. முழுசாக விரட்ட முடியும் என்று நான் நம்பவில்லை, ஆனால் பயத்துக்கு ஒரு எல்லை போடலாம்.

முதலில் உங்கள் டாக்டரிடம் நேராகக் கேளுங்கள். என் கட்டி எந்த வகை, திரும்ப வர வாய்ப்பு எவ்வளவு, எதற்கு உடனே வரணும்? ஓ.பி. கூட்டத்தில் கேட்க நினைத்ததெல்லாம் மறந்துபோகும், அதனால் எழுதிக்கொண்டு போங்கள். வகை தெரிவது முக்கியம். டிரிபிள் நெகட்டிவ் (ஹார்மோன், HER2 ஏற்பிகள் எதுவும் இல்லாத வகை) என்றால் ஆபத்து பெரும்பாலும் முதல் சில வருடங்களில்தான், அதைத் தாண்டினால் நன்றாகக் குறைகிறது. ஹார்மோன் பாசிட்டிவ் (உடம்பின் ஹார்மோனால் வளர்கிற வகை) என்றால் கொஞ்சம் கொஞ்சமாகப் பல வருடங்களுக்கு நீளும், அதற்காகத்தான் தமாக்சிஃபென், லெட்ரோசோல் மாதிரி மாத்திரைகளை 5 வருடம், சிலருக்கு 10 வருடம்வரை கொடுக்கிறார்கள். பயத்துக்கு எதிராக நம் கையில் இருக்கிற உருப்படியான விஷயம் அந்த மாத்திரைதான், விடாமல் போடுங்கள். தமாக்சிஃபென் போட்டால் உடம்பு குப்பென்று சூடாகி வியர்க்கும், சென்னை அக்னி நட்சத்திரத்தில் அது மாத்திரையா வெயிலா என்று கண்டுபிடிக்கவே முடியாது. லெட்ரோசோலில் மூட்டுவலி சகஜம். காலையில் பிடித்துக்கொண்டு, நடந்தால் கொஞ்சம் விடுகிற வலி என்றால் பெரும்பாலும் மாத்திரையின் வேலை. தாங்க முடியாவிட்டால் நீங்களே நிறுத்தாதீர்கள், டாக்டரிடம் சொன்னால் வேறு மாத்திரைக்கு மாற்றுவார்கள்.

புது வலி எதுவானாலும் தேதி போட்டு ஒரு நோட்டில் எழுதுங்கள். இரண்டு வாரத்தில் குறைந்தால் கோடு போட்டு அடித்துவிடலாம். குறையாமல் இருந்தாலோ, ஏறிக்கொண்டே போனாலோ போன் செய்யுங்கள். மார்பிலோ ஆபரேஷன் தழும்பிலோ அக்குளிலோ கழுத்து எலும்புக்கு மேலேயோ புதுக் கட்டி, மூச்சு வாங்குவது, கால் மரத்து பலவீனமாவது, வலிப்பு, மஞ்சள் காமாலை, மாதவிடாய் நின்ற பிறகு ரத்தப்போக்கு, இவற்றுக்கு மட்டும் இரண்டு வாரக் கணக்கெல்லாம் வேண்டாம், உடனே காட்டுங்கள்.

ஸ்கேன் விஷயத்தில்தான் நிறைய பேர் தடுமாறுகிறார்கள். வழக்கமான பரிசோதனை முதல் 3 வருடம் 3 முதல் 6 மாதத்துக்கு ஒருமுறை, அடுத்த 2 வருடம் 6 முதல் 12 மாதத்துக்கு ஒருமுறை, பிறகு வருடம் ஒருமுறை. மார்பகம் மிச்சம் இருந்தால் வருடாந்திர மாமோகிராம் (மார்பக எக்ஸ்ரே). அறிகுறி எதுவும் இல்லாதபோது வழக்கமாக பெட் ஸ்கேன் (உடம்பு முழுக்கப் புற்றுநோயைத் தேடும் ஸ்கேன்), டியூமர் மார்க்கர் (புற்றுநோய் இருந்தால் ஏறக்கூடிய பொருளை ரத்தத்தில் பார்க்கும் சோதனை) எடுப்பதை மருத்துவ வழிகாட்டுதல்கள் பரிந்துரைப்பதில்லை, எடுத்தவர்கள் அதனால் அதிக நாள் வாழ்ந்ததாகவும் தெரியவில்லை. ஆனால் நம்மூர் லேப்களில் மாஸ்டர் ஹெல்த் செக்-அப் பேக்கேஜில் மார்க்கரையும் சேர்த்துத் தள்ளுபடி விலையில் விற்கிறார்கள். அது கேன்சரே இல்லாமல் கல்லீரல் பிரச்சினையிலும் ஏறும், அப்புறம் ஒரு மாதத் தூக்கம் போச்சு. காசு கொடுத்துப் பயத்தை வாங்காதீர்கள்.

கல்யாண வீட்டில் ஒரு அத்தை கட்டாயம் வருவார், "எங்க நாத்தனாருக்கு அஞ்சு வருஷம் கழிச்சுத் திரும்ப வந்துச்சும்மா" என்று. "என் டாக்டர் பாத்துக்கறார் அத்தை, நீங்க சாப்பிட்டீங்களா" என்று சொல்லிவிட்டு நகருங்கள். வீட்டுக்காரர் "அதையே நினைக்காதே" என்பார், பாவம், அவருக்கும் பயம். தீர்வு சொல்லாமல் கேட்க மட்டும் யாராவது ஒருவர் வேண்டும் என்று வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள். பகலில் கவலை கிளம்பினால் சாயங்காலம் ஆறு மணிக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடுங்கள், அப்போது இருபது நிமிடம் உட்கார்ந்து கவலைப்பட்டு எழுந்துவிட வேண்டும். கேட்கச் சிரிப்பாக இருக்கும், பழகினால் ராத்திரி கொஞ்சம் லேசாகிறது. பெசன்ட் நகர் பீச்சோ பக்கத்துத் தெரு பூங்காவோ, வாரத்துக்கு 150 நிமிட நடை இருக்கட்டும்.

தினமும் பலமுறை மார்பைத் தடவிப் பார்ப்பது, தூக்கமே வராமல் போவது, பயந்துகொண்டு செக்-அப்புக்கே போகாமல் இருப்பது, இதெல்லாம் உதவி கேட்க வேண்டிய கட்டம். அடையாறு கேன்சர் இன்ஸ்டிடியூட்டில் புற்றுநோயாளிகளின் மனநலத்துக்கென்றே தனிப் பிரிவு இருக்கிறது. அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416 இலவசம், எந்த நேரமும் தமிழில் பேசலாம்.

செக்-அப்புக்கு முந்தின வாரம் பயம் ஏறும் என்று தெரிந்ததுதான், அந்த வாரத்தில் பெரிய வேலை எதையும் வைத்துக்கொள்ளாதீர்கள், காலை நேரமாகக் கேட்டு வாங்குங்கள், துணைக்கு ஒருவரைக் கூட்டிப்போங்கள். ரிப்போர்ட் ராத்திரி பத்து மணிக்கு வாட்ஸ்அப்பில் வந்தால் திறக்காதீர்கள், காலையில் டாக்டரே படித்துச் சொல்லட்டும்.