ஏரிக்கரையில் கறுப்பு நீர்வண்டு: பலரும் செய்யும் தவறுகள்

பெங்களூரில் மழைக்காலம் வந்தால் ஏரியை ஒட்டிய வீடுகளில் டியூப்லைட்டைச் சுற்றிப் பூச்சிகள் விழும். அவற்றில் கறுப்பாகப் பளபளக்கும் பெரிய வண்டு ஒன்று இருந்தால், அது ஹைட்ரோஃபிலஸ் இன நீர்வண்டாக இருக்கலாம்.

கடித்துவிடும் என்று உடனே செருப்பைத் தூக்காதீர்கள். நறுக்கென்று கடிப்பது வேறு ஆள்: பழுப்பாக, தட்டையாக, கிடுக்கி போன்ற முன்னங்கால்களோடு வரும் ராட்சத நீர்ப்பூச்சி. நம் வண்டு பெரும்பாலும் அழுகிய இலையும் பாசியும் தின்பது. ஆனாலும் கையில் இறுக்கிப் பிடிக்க வேண்டாம். நெஞ்சுக்கு அடியில் பின்னோக்கி நீளும் முள் ஒன்று உண்டு. திமிறும்போது உள்ளங்கையில் குத்தும்.

நிறத்தையும் அளவையும் மட்டும் பார்த்து, இதை வேட்டையாடும் முக்குளிப்பு வண்டு என்று முடிவு கட்டுவதுதான் அதிகம் நடக்கிறது. பாட்டில் தண்ணீரில் சற்று நேரம் விட்டு, மூச்சு வாங்குவதைக் கவனியுங்கள். முக்குளிப்பு வண்டு பின்புறத்தை நீர்மட்டத்துக்கு உயர்த்தும். இதுவோ தலையை உயர்த்தி, உணர்கொம்பால் நீர்ப்பரப்பைத் திறந்து, காற்றை அடிவயிற்று மயிர்களுக்குள் இழுத்துக்கொள்ளும். தண்ணீருக்குள் வயிறு வெள்ளியாக மின்னுவது அதனால்தான். நீச்சலும் வேறு: அது பின்னங்கால் இரண்டையும் சேர்த்து உதைக்கும், இது மாற்றி மாற்றி. நம் வண்டின் முகத்தில் நீளமாகத் தெரிபவை உணர்கொம்புகள் அல்ல, வாயுறுப்புகள். நிஜக் கொம்பு குட்டையானது, நுனி தடித்தது.

சரி, அந்தப் பாட்டிலில் சோப்பு ஒட்டியிருக்கக் கூடாது. சோப்பு கலந்தால் மயிர்கள் நனைந்து காற்றுப்படலம் கலைந்துவிடும். வண்டு மூழ்கிச் சாகும். பெங்களூரின் பெல்லந்தூர் ஏரியில் பொங்கிய நுரைக்குச் சலவைத்தூள் கழிவும் ஒரு காரணம் என்பதை இங்கே நினைத்துக்கொள்ளலாம்.

இந்த வண்டின் புழுவைக் கப்பி மீன் தொட்டியில் விடுவது இன்னொரு தவறு. பெற்றோர் சைவம் என்றாலும் பிள்ளை சுத்த அசைவம். கொசுப்புழு, தலைப்பிரட்டை, மீன்குஞ்சு எதையும் விடாது.

எல்லாவற்றையும்விடப் பெரிய தவறு, ஏரியை அழகுபடுத்துகிறோம் என்று ஓரத்துக் கோரையை வழித்தெடுத்துக் கல் பதிப்பது. இந்த வண்டு முட்டைகளைப் பட்டு உறையில் பொதிந்து நீரில் மிதக்கவிடும். புழு கரையேறி ஈரமண்ணில்தான் கூட்டுப்புழு ஆகும். கல் பதித்த கரையில் அது எங்கே போகும்? பெங்களூரிலேயே ஜக்கூர் ஏரியில் சுத்திகரித்த கழிவுநீர் செடிகள் மண்டிய சதுப்பைத் தாண்டித்தான் உள்ளே வருகிறது. நீர்வண்டு தேடுபவர்கள் அப்படிப்பட்ட ஆழமில்லாத ஓரங்களில்தான் பார்க்க வேண்டும், நடு ஏரியில் அல்ல. ஆகாயத்தாமரை ஏரியையே மூடினால் எடுக்கத்தான் வேண்டும். அப்போதும் ஓரத்துக் கோரையை விட்டுவிட்டு எடுக்கச் சொல்லுங்கள்.