பம்ப் ஓடும் இதயத்தில் ரத்த ஓட்டத்தைப் படமெடுக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

இடது கீழறை மிகவும் பலவீனமாகிவிட்டவர்களுக்குப் பொருத்தும் எல்வேட் பம்ப், கீழறையின் நுனியிலிருந்து ரத்தத்தை இழுத்து, ஒரு குழாய் வழியாகப் பெருந்தமனிக்குள் தள்ளுகிறது. இதயமும் துடிக்கிறது, பம்பும் சுழல்கிறது. எக்கோ திரையில் நாம் பார்ப்பது இரண்டும் சேர்ந்து செய்யும் வேலையை. சாதாரண இதயங்களைப் பார்த்துப் பழகிய கண்ணோடு அதைப் படிப்பதுதான் பெரும்பாலான தவறுகளுக்கு ஆரம்பம்.

மிகச் சாதாரணமாக நடப்பது, பம்பின் வேகத்தையும் ரத்த அழுத்தத்தையும் குறிக்காமல் படத்தைச் சேமிப்பது. ஹார்ட்மேட் 3 பம்பை நிமிடத்துக்கு 3000 முதல் 9000 சுற்று வரை ஓட்டலாம். 5000-இல் பெரிதாகத் தெரியும் கீழறை 5800-இல் சுருங்கியிருக்கும். எந்த வேகத்தில் எடுத்தது என்று தெரியாத படத்தை அடுத்த மாதப் படத்தோடு ஒப்பிட முடியாது. அழுத்தமும் அப்படித்தான். பெருந்தமனியில் அழுத்தம் ஏறினால், அதே வேகத்தில் ஓடும் பம்ப் குறைவான ரத்தத்தைத்தான் தள்ளும். இவர்களில் பலருக்கு நாடித்துடிப்பு மிக மெல்லியதாக இருப்பதால் தானியங்கி பிபி கருவி அளக்கத் தவறிவிடும். கையில் பட்டையைக் கட்டி, ரத்த ஓட்டத்தை ஒலியாகக் கேட்கவைக்கும் சிறிய டாப்ளர் கருவியைத் தமனிமேல் வைத்து, பட்டையில் காற்றை ஏற்றி இறக்கும்போது ஒலி திரும்பும் இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். துடிப்பு குறைவாக உள்ளவர்களிடம் அந்த எண் சராசரி அழுத்தத்துக்கு அருகில் இருக்கும். வேகம், அழுத்தம் இரண்டையும் திரையிலேயே எழுதிவிடுங்கள்.

ஈசிஜியை நம்பிக் காட்சிகளைப் பதிவு செய்வது இன்னொரு தொல்லை. பம்பின் மின் இரைச்சலால் எக்கோ கருவி துடிப்பைத் தவறாகப் பிடித்து, அரைகுறைத் துண்டுகளைச் சேமிக்கும். துடிப்புக் கணக்கை விட்டுவிட்டு, இத்தனை விநாடி என்று நேரக் கணக்குக்கு மாற்றிவிட்டால் போதும்.

அடுத்தது பெருந்தமனி வால்வு. அறிக்கையில் 'திறக்கிறது' அல்லது 'திறக்கவில்லை' என்று ஒரு சொல்லில் எழுதப்படும் விஷயம். ஆனால் நோயாளிக்கு அதில் நிறைய அடங்கியிருக்கிறது. ரத்தம் முழுக்கப் பம்ப் வழியாகப் போனால் வால்வு மூடியே கிடக்கும். அதற்கு மேலே ரத்தம் தேங்கி உறையலாம். நாளடைவில் இதழ்கள் ஒட்டிக்கொள்ளலாம், கசிவும் தொடங்கலாம். இரண்டு மூன்று துடிப்பை மட்டும் பார்த்துவிட்டு முடிவு சொல்வதுதான் இங்கே நடக்கும் தவறு. சிலரிடம் வால்வு மூன்று, நான்கு துடிப்புக்கு ஒருமுறைதான் திறக்கும். ஹார்ட்மேட் 3-இல் இன்னொரு சிக்கலும் உண்டு. அது 2 விநாடிக்கு ஒருமுறை தன் வேகத்தை 2000 சுற்று குறைத்து, உடனே வழக்கமான வேகத்துக்கு மேல் 2000 கூட்டி, பழைய நிலைக்குத் திரும்பும். இந்தச் செயற்கைத் துடிப்புக்கும் இதயத்தின் துடிப்புக்கும் ஒத்திசைவு கிடையாது. எந்தத் துடிப்பில் வால்வு திறக்கும் என்பது அதனாலும் மாறலாம். அதனால் ஒரே கோட்டில் உள்ள அசைவை நேரத்தோடு வரைந்து காட்டும் எம்-மோடில் திரை ஓட்டத்தை மெதுவாக வைத்து, குறைந்தது ஐந்தாறு துடிப்பைப் பதிவு செய்யுங்கள். ஒவ்வொரு துடிப்பிலும் திறக்கிறதா, விட்டுவிட்டுத் திறக்கிறதா, திறக்கவே இல்லையா என்று தனித்தனியாக எழுதுங்கள்.

அந்த வால்வின் கசிவைக் குறைத்து மதிப்பிடுவதுதான் என் கணக்கில் மிக ஆபத்தான தவறு. சாதாரண இதயத்தில் கசிவு, கீழறை தளரும் நேரத்தில் மட்டும் நடக்கும். எல்வேட் உள்ளவரிடம் பெருந்தமனி அழுத்தம் எப்போதும் கீழறை அழுத்தத்துக்கு மேலேயே நிற்கலாம். அப்போது கீழறை சுருங்கும்போதும் கசியும். திரையில் மெல்லிய தாரையாகத் தெரிந்தாலும், துடிப்பின் முழு நேரமும் ஓடுவதால் மொத்த அளவு அதிகம். அமெரிக்க எக்கோகார்டியோகிராபி சங்கம் 2015-இல் வெளியிட்ட வழிகாட்டுதல், தாரையின் மிகக் குறுகிய இடத்தின் அகலம் 3 மி.மீ. அல்லது அதற்கு மேல் இருந்தாலே குறைந்தது மிதமான கசிவாகக் கருதச் சொல்கிறது. அகலத்தோடு, கசிவு எவ்வளவு நேரம் நீடிக்கிறது என்பதையும் எழுதுங்கள்.

இந்தக் கசிவு, பம்பை இயக்கும் வெளிக்கருவியான கன்ட்ரோலரையும் ஏமாற்றிவிடும். கிணற்றிலிருந்து இறைத்த தண்ணீர் அதே கிணற்றுக்குள் வழிவது போல, பம்ப் தள்ளிய ரத்தம் வால்வு வழியாகக் கீழறைக்கே திரும்பி, மறுபடி பம்புக்குள் வரும். கன்ட்ரோலர் நல்ல ஓட்டம் காட்டும். நோயாளிக்கோ மூச்சு வாங்கும். கன்ட்ரோலரில் தெரியும் லிட்டர் கணக்கு அளந்த எண் அல்ல என்பதும் நினைவில் இருக்கட்டும். சுழலும் வேகத்தையும் செலவாகும் மின்திறனையும் வைத்துப் போட்ட மதிப்பீடு அது. சுழலியில் ரத்தக்கட்டி படிந்தால் மின்திறன் ஏறும், அதோடு 'ஓட்டமும்' ஏறியதாகக் காட்டும். உண்மையில் குறைந்திருக்கும்.

டாப்ளர் காட்டும் ரத்த வேகத்துக்கு வருவோம். கீழறையிலிருந்து ரத்தத்தைப் பம்புக்குள் இழுக்கும் கேனுலா என்ற குழலில் விநாடிக்கு 1.5 மீட்டருக்கு மேலும், வெளியேற்றும் குழாயில் 2 மீட்டருக்கு மேலும் போனால் அடைப்பைச் சந்தேகிக்க வேண்டும் என்று மனப்பாடமாகச் சொல்வார்கள். எல்லாப் பம்புக்கும் இது அப்படியே பொருந்தாது. ஹார்ட்மேட் 3-இன் குழாய் 14 மி.மீ. விட்டம், ஹெச்வேட் என்ற இன்னொரு வகைப் பம்பின் குழாய் 10 மி.மீ. அதே அளவு ரத்தம் போனால் ஹெச்வேடில் வேகம் ஏறத்தாழ இரண்டு மடங்காகத் தெரியும். ஹெச்வேட் விற்பனை 2021 ஜூனில் நின்றுவிட்டாலும், அதற்கு முன் பொருத்திக்கொண்டவர்கள் பரிசோதனைக்கு வரத்தான் செய்வார்கள். அந்தப் பம்பில் கேனுலாவின் வாயருகே டாப்ளரை வைத்தால் திரை முழுக்க நிறம் சிதறும். அது பம்ப் தரும் இரைச்சல். ரத்தச் சுழிப்பு என்று எழுதிவிடாதீர்கள். வெளியேற்றும் குழாயைப் பம்பிலிருந்து தள்ளி, மார்பெலும்பின் வலப்பக்கத்திலிருந்து தேடிப் பாருங்கள்.

அறுவை அறையிலும் ஒன்று நழுவிப் போகும். மேலறைகளுக்கு இடையிலான ஓட்டையைப் பம்ப் ஓடுவதற்கு முன்பு மட்டும் தேடிவிட்டு 'இல்லை' என்று முடிப்பது சரியல்ல. பம்ப் ஓடியதும் இடது பக்க அழுத்தம் இறங்கும். அதுவரை மூடிக் கிடந்த வழி திறந்து, ஆக்சிஜன் குறைந்த ரத்தம் வலமிருந்து இடமாகப் பாயும். இன்னொரு முறை பார்த்தே ஆக வேண்டும்.

பம்பின் வேகத்தை மாற்றி மாற்றிப் பார்க்கும் சோதனையில், குறைக்கும் முன் ரத்தம் உறையாமலிருக்கத் தரும் மருந்து போதுமான அளவில் வேலை செய்கிறதா, பெருந்தமனி வால்வுக்கு மேலே கட்டி இருக்கிறதா என்று பாருங்கள். கூட்டும்போது இரு கீழறைகளுக்கு இடையிலான நடுச்சுவர் இடப்பக்கம் இழுபடத் தொடங்கினால் அங்கேயே நிறுத்துங்கள்.

எம்ஆர்ஐ இவர்களுக்குக் கூடவே கூடாது. குழாய் மடங்கியிருக்கிறதா, வெளியிலிருந்து எதுவும் அழுத்துகிறதா என்று பார்க்க சிடி ஆஞ்சியோகிராம் உதவும்.

எம்ஆர்ஐ இல்லாததால், கீழறைக்குள் ரத்தம் எப்படிச் சுழல்கிறது என்பதை ஆய்வுக்கூட மாதிரிகளில் தேடுகிறார்கள். அமெரிக்காவின் சான் டியாகோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஒளி ஊடுருவும் சிலிகான் கீழறையோடு பம்பை இணைத்து, திரவத்தில் மிதக்கும் நுண்துகள்களைப் படமெடுத்துப் பார்த்திருக்கிறார்கள். பம்ப் அதிகம் இழுக்கும்போது திரவம் கேனுலாவை நோக்கியே போக, பெருந்தமனி வால்வுக்குக் கீழுள்ள பகுதியில் தேக்கம் உண்டாகிறது. நோயாளிகளிடம் இதைக் காண, கலர் டாப்ளரிலிருந்து அம்புக்குறிகளாக ஓட்டத்தை வரையும் மென்பொருள்கள் உண்டு. டாப்ளர் அளப்பது ஒலிக்கற்றையின் திசையில் உள்ள வேகத்தை மட்டும். குறுக்கே ஓடுவதை மென்பொருள், ஓட்டம் ஒரே தளத்தில் நடக்கிறது என்று வைத்துக்கொண்டு கணக்கிடுகிறது. கேனுலாவின் வாயில் ரத்தம் எல்லாப் பக்கத்திலிருந்தும் வந்து விழுவதால், அந்தக் கணக்கு அங்கேதான் மிக அதிகமாகத் தவறும். எங்கே தேங்குகிறது என்று பார்க்க அம்புகளைப் பயன்படுத்தலாம். அவற்றின் நீளத்தை அளந்து, அதுதான் ரத்தத்தின் வேகம் என்று அறிக்கையில் எழுத வேண்டாம்.