சேலத்தில் பெட்டியில் வரும் பர்னிச்சரை மாட்டித் தர ஆள் பிடிப்பது எப்படி?

அழகாபுரம், கன்னங்குறிச்சி, அயோத்தியாப்பட்டணம், சீலநாயக்கன்பட்டி என்று சேலத்தைச் சுற்றித் தனி வீடு கட்டிக் குடிபோகிறவர்கள் வாங்கும் பர்னிச்சர் பலவும் இப்போது அட்டைப்பெட்டியில் பலகை பலகையாகத்தான் வந்து இறங்குகிறது. கட்டில், மூன்று கதவு வார்ட்ரோப், டிவி யூனிட், பிள்ளைகளின் படிப்பு மேசை எல்லாமே அப்படித்தான். ஆன்லைனில் ஆர்டர் போட்டாலும் சரி, பெங்களூரு நாகசந்திராவில் இருக்கும் ஐகியாவுக்குப் போய் வண்டியில் ஏற்றி வந்தாலும் சரி, அதை நிமிர்த்தி நிற்கவைக்க ஓர் ஆள் வேண்டும்.

இந்த வேலையில் மனக்கசப்பு வருவது பெரும்பாலும் முன்னாலேயே பேசாமல் விட்டதால்தான். சுவரில் துளை போடுவது கூலியில் சேர்ந்ததா, பெட்டியை மாடிக்கு ஏற்றுவது யார், பழைய கட்டிலைக் கழற்றுவது யார் என்பதையெல்லாம் வேலை தொடங்குவதற்கு முன்பே பேசி முடித்துவிட்டால் பாதிக் கவலை தீர்ந்தது. முதல்முறை ஆள் வைக்கிறவர்களுக்காக ஒவ்வொரு படியாக எழுதுகிறேன்.

படி 1: வாங்குவதற்கு முன் அளவெடுங்கள்

பலரும் பீரோ நிற்கப்போகும் சுவரை மட்டும் அளக்கிறார்கள். பெட்டி வரும் வழியையும் அளக்க வேண்டும். கிங் சைஸ் கட்டிலின் மெத்தை அளவு 78க்கு 72 அங்குலம். அதன் பக்கப் பலகை வரும் பெட்டி ஆறரை அடிக்கு மேல் இருக்கும். வாசல் கதவில் நேராக நுழைந்துவிடும். வீட்டுக்குள்ளேயே படிக்கட்டு இருந்து, அது நடுவில் திரும்பினால் அங்கேதான் மாட்டிக்கொள்ளும். படிக்கட்டின் அகலம், திருப்பத்தின் நீள அகலம், படுக்கையறைக் கதவின் அகலம் மூன்றையும் இஞ்ச் டேப்பால் அளந்து ஒரு தாளில் எழுதி வையுங்கள்.

அடுத்தது லாப்ட். நம் வீடுகளில் படுக்கையறை லாப்ட் பெரும்பாலும் தரையிலிருந்து ஏழு அடி உயரத்தில் இருக்கிறது. ஏழு அடி வார்ட்ரோப் வாங்கிவிட்டால் அதற்குக் கீழே நிற்காது. லாப்ட் இல்லாத அறையிலும் ஒரு கணக்கு உண்டு. வார்ட்ரோபைத் தரையில் படுக்கவைத்து மாட்டி, பிறகுதான் நிமிர்த்துவார்கள். நிமிர்த்தும்போது அதன் மூலைவிட்டம் மேலே இடிக்கக் கூடாது. 84 அங்குல உயரமும் 24 அங்குல ஆழமும் உள்ள வார்ட்ரோபுக்கு மூலைவிட்டம் சுமார் 87 அரை அங்குலம், அதாவது ஏழேகால் அடிக்குச் சற்று மேல். பத்தடிக் கூரைக்குக் கவலையில்லை. தாழ்வான ஷீட் கூரை போட்ட மாடி அறைக்கு இது பெரிய விஷயம்.

படி 2: பிட்டிங் யார் பொறுப்பு என்று பாருங்கள்

ஆன்லைன் பக்கத்தில் பொருளின் விவரத்தோடு 'கார்பெண்டர் அசெம்பிளி' என்றோ, நாமே மாட்டிக்கொள்ள வேண்டும் என்றோ போட்டிருக்கும். 636-இல் தொடங்கும் உங்கள் பின்கோடைப் போட்டுப் பார்த்தபின் அந்த வரி மாறுகிறதா என்றும் கவனியுங்கள். பெருநகரத்துக்கு உள்ள வசதி சில சமயம் நம் ஊருக்கு இருக்காது.

நிறுவனமே ஆள் அனுப்புவதாக இருந்தால் அவர்களையே வரவிடுங்கள். வெளியாள் மாட்டினால் வாரண்டி கிடையாது என்று சொல்லும் நிறுவனங்கள் உண்டு. ஒரு நாள் தாமதம் ஆனாலும் பொறுத்திருப்பது நல்லது.

படி 3: பெட்டி வந்ததும்

டெலிவரி ஆள் நிற்கும்போதே பெட்டிகளை எண்ணுங்கள். நான்கில் ஒன்று, நான்கில் இரண்டு என்று ஒவ்வொன்றின் மேலும் ஒட்டியிருக்கும். ஈரம், நசுங்கிய மூலை, கிழிசல் எது இருந்தாலும் போட்டோ எடுத்து, கையெழுத்துப் போடும் சீட்டிலும் எழுதிவிடுங்கள். பெட்டியை எல்லாப் பக்கமும் படம் எடுத்து வைத்தால் பிறகு வாதாட வேண்டியிருக்காது.

ஆள் வரும்வரை பெட்டிகளைப் பிரிக்க வேண்டாம். ஸ்க்ரூ பாக்கெட் எங்காவது உருண்டு போனால் நிறுவனத்திடம் கேட்கவும் முடியாது. பலகைகளைச் சமதரையில் படுக்க வையுங்கள். போர்டிகோவில் வைத்து இரவில் மழை சாரல் அடித்தால் பார்ட்டிக்கிள் போர்டின் ஓரம் ஊதிவிடும். ஒருமுறை ஊதியது பழைய நிலைக்குத் திரும்பாது.

படி 4: சரியான ஆளைத் தேடுங்கள்

நம் ஊரில் நல்ல ஆசாரிகளுக்குக் குறைவில்லை. ஆனால் நிலை, ஜன்னல், தேக்குக் கட்டில் செய்கிற கை வேறு, பெட்டியில் வரும் பலகையை மாட்டுகிற கை வேறு. பார்ட்டிக்கிள் போர்டு என்பது மரச் சில்லுகளைப் பசையோடு அழுத்திச் செய்தது. தேக்கில் இறுக்குவது போல பேட்டரி டிரில்லை முழு வேகத்தில் வைத்து இறுக்கினால் உள்ளே துளை தேய்ந்து ஸ்க்ரூ வெறுமனே சுற்றும். பிறகு அந்த இடத்தில் பிடிப்பே இருக்காது.

அதனால் என் யோசனை: மாடுலர் கிச்சன் பிட்டிங் செய்கிறவர்களைத் தேடுங்கள். அன்றாடம் இதே பலகை, இதே கீல், இதே டிராயர் சேனலோடுதான் அவர்கள் வேலை. உங்கள் தெருவில் சமீபத்தில் கிச்சன் போட்டவர்களிடம் கேளுங்கள். பிளைவுட் கடை, ஹார்டுவேர் கடைகளில் கேட்டாலும் இரண்டு மூன்று நம்பர் கிடைக்கும். போனில் ஒரே கேள்வி போதும்: "அண்ணா, மினிஃபிக்ஸ் வேலை பழக்கமா?" மினிஃபிக்ஸ் என்பது இந்தப் பலகைகளை ஒன்றோடொன்று பூட்டும் போல்ட் இணைப்பு. பழகியவர் உடனே, "எந்தக் கம்பெனி பொருளுங்க, எத்தனை கதவு?" என்று திருப்பிக் கேட்பார். அப்படிக் கேட்கிறவரை விடாதீர்கள். கடைசியாக முடித்த வேலையின் போட்டோ இரண்டு அனுப்பச் சொல்லுங்கள், யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

படி 5: கூலியை எழுத்தில் பேசுங்கள்

கூலி இரண்டு விதம்: பொருள் கணக்கு, நாள் சம்பளம். இரண்டு மூன்று பொருள் மட்டும் என்றால் பொருள் கணக்கே நல்லது. நேரம் இழுத்தாலும் தொகை மாறாது. வீடு முழுக்க வேலை, கூடவே பழைய கதவுக்குக் கீல் மாற்றுவது போன்ற சில்லறை வேலைகளும் இருந்தால் நாள் சம்பளம் பேசலாம்.

பேசியதை வாட்ஸ்அப்பில் போடுங்கள். இப்படி எழுதலாம்:

"வணக்கம் அண்ணா. கன்னங்குறிச்சியில் தனி வீடு, முதல் மாடி. மூன்று கதவு வார்ட்ரோப் ஒன்று, ஹைட்ராலிக் கட்டில் ஒன்று, படிப்பு மேசை ஒன்று. மொத்தம் எட்டுப் பெட்டி, கீழே ஹாலில் இருக்கின்றன. மாடிக்கு ஏற்ற வேண்டும். வார்ட்ரோபைச் சுவரோடு பிடித்துத் தர வேண்டும், இரண்டு துளை வரும். பழைய இரும்புக் கட்டில் ஒன்றைக் கழற்ற வேண்டும். எல்லாம் சேர்த்து எவ்வளவு, எத்தனை பேர் வருவீர்கள், என்றைக்கு முடியும் என்று சொல்லுங்கள். மேனுவல் படம் அனுப்பியிருக்கிறேன்."

இதற்கு அவர் "எல்லாம் சேர்த்து இவ்வளவுங்க" என்று பதில் போட்டுவிட்டால் அதுவே ஒப்பந்தம். வண்டிச் செலவு தனியா என்பதையும் அப்போதே கேளுங்கள். முழுப் பணத்தையும் முன்னால் கொடுக்க வேண்டாம். நியாயமான கூலியில் பேரம் பேசி அடிமட்டத்துக்கு இறக்கவும் வேண்டாம். அவசரமாக முடித்துவிட்டு அடுத்த வேலைக்கு ஓடினால் நஷ்டம் நமக்குத்தான்.

நாள் குறிப்பதில் நான்கு விஷயம். பல ஆசாரிகள் அமாவாசையன்று வேலைக்கு வருவதில்லை. தை, ஆவணி மாதங்களில் புதுமனை புகுவிழாக்கள் நெருக்கமாக வரும், ஆகவே முன்கூட்டியே சொல்லி வையுங்கள். ஆடியில் ஆள் சுலபமாகக் கிடைத்தாலும் கோட்டை மாரியம்மன் பண்டிகை நாட்களைத் தவிர்த்துவிடுங்கள். அப்புறம், மின்வாரியத்தின் மாதாந்திரப் பராமரிப்பு நிறுத்தம் உங்கள் பகுதிக்கு என்றைக்கு என்று பேப்பரில் பார்த்துக்கொள்ளுங்கள். பலகை மாட்ட பேட்டரி டிரில் போதும், சுவரில் துளை போடப் பெரும்பாலும் கரண்ட் வேண்டும்.

படி 6: வேலை நடக்கும் நாள்

பொருள் நிற்கப்போகும் அறையிலேயே மாட்ட இடம் ஒதுக்குங்கள். ஹாலில் மாட்டி அறைக்குள் தள்ளுவது வேண்டாம், இணைப்புகள் தளர்ந்துவிடும், கதவிலும் நுழையாது. டைல்ஸ் தரையில் பழைய ஜமுக்காளம் ஒன்றை விரித்துவிடுங்கள். வந்தவர்களுக்குத் தண்ணீரும் டீயும் கொடுங்கள். வீட்டில் பெண்கள் தனியாக இருந்தால் பக்கத்து வீட்டுக்காரர் ஒருவரை வந்து உட்காரச் சொல்வதில் தவறில்லை.

தொழில் அவர்களுடையது, குறுக்கே பேசிக்கொண்டே இருக்கக் கூடாது. ஆனால் நான்கு இடங்களில் மட்டும் பக்கத்தில் நில்லுங்கள்.

முதலாவது, ஸ்க்ரூ பாக்கெட்டைப் பிரிக்கும்போது. மேனுவலில் உள்ள எண்ணிக்கையோடு சரிபார்த்துவிட்டுத் தொடங்கச் சொல்லுங்கள். குறைந்தால் வேறு ஸ்க்ரூ போட்டுச் சமாளிக்காமல் நிறுவனத்துக்குப் போன் போடுவதே சரி.

இரண்டாவது, மினிஃபிக்ஸ் பூட்டும்போது. ஒரு பலகையில் போல்ட் நீட்டி நிற்கும், அடுத்த பலகையின் வட்டக் குழியில் கேம் என்ற வட்டப் பூட்டு உட்காரும். கேமின் மேல் உள்ள அம்புக்குறி போல்ட் வரும் துளையைப் பார்த்திருக்க வேண்டும். போல்ட் உள்ளே போனதும் திருப்புளியால் ஏறக்குறைய அரைச் சுற்று, அவ்வளவுதான். அதற்கு மேல் முறுக்கினால் கேம் உடையும்.

மூன்றாவது இடம்தான் மிக முக்கியம்: முதுகுப் பலகை அடிப்பதற்கு முன். கூட்டின் (கதவு மாட்டாத வெறும் சட்டத்தின்) இரண்டு மூலைவிட்டங்களையும் டேப்பால் அளக்கச் சொல்லுங்கள். இரண்டும் சமமாக இருந்தால் கூடு சதுரமாக, அதாவது மூலைகள் கோணல் இல்லாமல் இருக்கிறது. ஒன்று கால் அங்குலம் கூடினாலும் கதவுகள் ஏறி இறங்கி நிற்கும். அதைக் கீல் ஸ்க்ரூவால் ஓரளவுதான் சரிசெய்ய முடியும். முதுகுப் பலகை அடித்தபின் கோணத்தைத் திருத்துவது பெரிய வேலை.

நான்காவது, நிமிர்த்தியபின். ரசமட்டம் வைத்துப் பார்த்து, கால் புஷ்ஷைத் திருகி மட்டம் செய்யச் சொல்லுங்கள். சதுரமான கூடாக இருந்தாலும் தரை சாய்வாக இருந்தால் கதவு தானாகத் திறக்கும்.

படி 7: சுவரோடு பிடிக்காமல் விடாதீர்கள்

இதைப் பல வீடுகளில் தட்டிக்கழிக்கிறார்கள். புதுச் சுவரில் துளையா என்று வீட்டுக்காரர் தயங்குவார், வேலை மிச்சம் என்று பிட்டரும் விட்டுவிடுவார். குழந்தை உள்ள வீட்டில் இதை விடவே கூடாது. கீழ் டிராயர்களை இழுத்து அதன் மேல் ஏறினால் கனம் முன்பக்கம் வந்து அலமாரி அப்படியே கவிழும். இப்படிக் குழந்தைகள் இறந்ததால் 2016-இல் அமெரிக்காவில் ஐகியா சுமார் 2.9 கோடி டிராயர் அலமாரிகளைத் திரும்பப் பெற அறிவித்தது. சுவரில் பிடிக்காமல் விட்டால் ஆபத்து என்பதே அங்கே முக்கிய விஷயம்.

துளை போடும் இடத்தை நீங்கள்தான் சொல்ல வேண்டும், ஏனென்றால் வீடு கட்டியது உங்களுக்குத்தான் தெரியும். சுவிட்ச் போர்டுக்கு நேர் மேலேயும் நேர் கீழேயும் வேண்டாம், உள்ளே ஒயர் போகும். மறுபக்கம் பாத்ரூம் இருக்கும் சுவரில் பைப் எங்கே போகிறது என்று பிளம்பரைக் கேட்டுக்கொள்ளுங்கள். வீடு கட்டும்போது எடுத்த போட்டோக்கள் இருந்தால் அவையே போதும். பூச்சில் மட்டும் நிற்கும் குட்டி ஸ்க்ரூ பலன் தராது. துளைக்குள் வைக்கும் பிளாஸ்டிக் பிளக்கோடு சேர்ந்து செங்கல்லுக்குள் போக வேண்டும், இரண்டு அங்குல ஸ்க்ரூவாவது வேண்டும். ஏஏசி பிளாக் (எடை குறைந்த காங்கிரீட் கல்) சுவர் என்றால் அதற்கென்று வரும் பிளக் வாங்குங்கள், சாதாரணப் பிளக் அதில் பிடிக்காது.

படி 8: பார்த்து வாங்கி, பணம் கொடுங்கள்

எல்லா டிராயரையும் முழுதாக இழுத்து மூடுங்கள். கதவுகளுக்கு நடுவே இடைவெளி மேலும் கீழும் ஒன்றாக இருக்கிறதா பாருங்கள். ஹைட்ராலிக் கட்டிலை மெத்தை போட்டபின் தூக்கிப் பார்க்க வேண்டும். மெத்தை இல்லாமல் தூக்கினால் கட்டிலை மேலே தள்ளும் கேஸ் லிஃப்ட்டின் விசை சரியாகத் தெரியாது. மிச்சமான ஸ்க்ரூ ஏன் மிச்சம் என்று கேளுங்கள். உபரியாக வருவது உண்டு, ஆனால் அதை அவர் வாயால் சொல்ல வேண்டும். முடிந்ததும் யுபிஐயில் பணம் அனுப்பினால் அதுவே ரசீது.

மேனுவல், எல் கீ, மிச்ச ஸ்க்ரூ, பெட்டி லேபிள் போட்டோ எல்லாவற்றையும் ஒரு கவரில் போட்டு அந்த வார்ட்ரோபிலேயே வையுங்கள். வீடு மாற்றும்போது கழற்றி மாட்ட உதவும்.

உடைந்த பலகைக்கு நிறுவனம் மாற்று தர மறுத்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் தமிழிலேயே புகார் சொல்லலாம். அதிலும் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. நீங்கள் கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் மனுவுக்குக் கட்டணம் கிடையாது. பிரச்சினை வந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும்.

ஏற்காட்டில் வீடு என்றால்

மலைக்கு இரண்டு விஷயம் மாறும். ஒன்று, ஆள் செலவு. சேலத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவு ஏறி வருகிறவருக்கு ஒரு முழு நாள் போய்விடும். மேசை ஒன்றுக்காக அவரைக் கூப்பிடுவது இருவருக்கும் கட்டாது. எல்லாப் பொருளும் வந்து சேர்ந்தபின் ஒரே நாளில் முடிக்கிற மாதிரி நாள் சம்பளம் பேசுங்கள். காலையில் சீக்கிரம் வரச் சொல்லி, மாலைப் பனி இறங்குவதற்கு முன் அவர்களை மலையிறங்க விடுங்கள். மழைக்காலத்தில் கிளம்பும் முன் மலைப்பாதை திறந்திருக்கிறதா என்று கேட்டுக்கொள்வதும் அவசியம்.

இரண்டாவது, ஈரம். சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் மாதக்கணக்கில் பனியும் சாரலும் இருக்கும் ஊருக்குச் சாதாரண பார்ட்டிக்கிள் போர்டு சரிப்படாது. வார்ட்ரோபை ஈரம் தாங்கும் ஐ.எஸ். 710 முத்திரை உள்ள பிளைவுட்டிலோ இரும்பிலோ வாங்குங்கள். ஏற்கெனவே வாங்கியாகிவிட்டது என்றால், பலகையின் வெட்டு ஓரங்களில் எட்ஜ் பேண்ட் (ஓரத்தை மூடும் பட்டை) ஒட்டாத இடம் இருக்கிறதா என்று பிட்டரிடம் காட்டி அதை மாட்டுவதற்கு முன்பே அடைக்கச் சொல்லுங்கள். அடியில் உயரமான புஷ் போடச் சொல்லுங்கள், ஈரம் கசியும் வெளிச்சுவரில் சாய்க்காமல் உள்சுவர்ப் பக்கம் நிறுத்தச் சொல்லுங்கள். சுவருக்கும் முதுகுப் பலகைக்கும் நடுவே இரண்டு அங்குலம் காற்று போக விட்டு, சுவர்ப் பிடிக்கு அதற்கேற்ற நீள பிராக்கெட்டைச் சேலத்திலேயே வாங்கி அவர் கையில் கொடுத்தனுப்புங்கள்.