மேலதிக லைற் பூட்டும்போது சுமையை சுவிச்சில் ஏற்றாதீர்கள்

ஒட்டுசுட்டான், நெடுங்கேணிப் பக்கத்து உள்வீதிகளில் இரவில் ஓடும் பிக்கப்புக்கு மேலதிக லைற் தேவைதான். ஆனால் பற்றறியிலிருந்து நேரே சுவிச்சுக்கு வயர் இழுப்பது ஆபத்து. 55 வோற் (W) பல்ப் இரண்டு, 12 வோல்ற்றில் 9 அம்பியருக்கு மேல் இழுக்கும். சின்ன சுவிச் சூடாகி உருகிவிடும்.

நாலு கால் றிலே (சுவிச்சின் சிறு கரண்டில் இயங்கி, லைற்றின் பெரிய கரண்டைக் கடத்தும் கருவி) ஒன்று போடுங்கள். கால்களின் எண்கள் அதிலேயே இருக்கும். பற்றறி பிளஸிலிருந்து 15 அம்பியர் பியூஸ் வழியாக 30ஆம் காலுக்கு, 87இலிருந்து லைற்றுக்கு: இவை இரண்டும் 2.5 சதுர மில்லிமீற்றர் வயர். சுவிச்சிலிருந்து 86க்கு மெல்லிய வயர் போதும், 85 எர்த்துக்கு, அதாவது வாகனத்தின் இரும்பு பொடிக்கு (body). சுவிச்சுக்கான கரண்டை, சாவி திருப்பினால் மட்டும் வரும் பியூஸ் ஒன்றிலிருந்து எடுங்கள். பியூஸ் பற்றறிக்குக் கிட்டவே இருக்கவேண்டும். பற்றறிக்கும் பியூஸுக்கும் இடையிலுள்ள வயர் வாகனத்தின் பொடியில் உரசினால் எரிவதைத் தடுக்க எதுவுமில்லை. தகட்டுத் துளைக்குள்ளால் வயர் போகுமிடத்தில் றப்பர் வளையம் கட்டாயம்.

லைற் மங்கலா? பெரும்பாலும் எர்த்தில்தான் கோளாறு. பெயின்ற்றைச் சுரண்டி, வெறும் இரும்பில் போல்ற்றை இறுக்கி, மேலே கிறீஸ் பூசுங்கள். லைற் எரியும்போது பற்றறியிலும் லைற்றிலும் வோல்ற் அளந்து பாருங்கள். வித்தியாசம் அரை வோல்ற்றைத் தாண்டினால் இணைப்பு சரியில்லை.

மாரியில் சேற்றுத்தண்ணீர் எங்கும் ஏறும். றிலேயை உயரத்தில், கால்கள் கீழ்நோக்கியபடி பூட்டுங்கள். லொறி என்றால் 24 வோல்ற்றாக இருக்கலாம். றிலேயும் பல்ப்பும் அதற்கேற்றதாக வாங்குங்கள்.