ஆல்டர்னேட்டர் பிளக் வரவில்லையா? முதலில் உள்ளே தள்ளுங்கள்

கார் என்ஜின் ஓடும்போது பேட்டரியை சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டரில் செருகியிருக்கும் சிறிய பிளக் வர மறுத்தால் பலத்தைக் காட்டாதீர்கள். முதலில் அதை உள்நோக்கி லேசாகத் தள்ளி, அப்படியே பூட்டு நாக்கை விரலால் அமுக்கி, பிறகு இழுங்கள். பிடிக்க வேண்டியது பிளக்கை, வயரை அல்ல. இழுக்க இழுக்க நாக்கின் கொக்கி விளிம்பில் இறுகிக்கொள்கிறது. உள்ளே தள்ளியதும் அந்தப் பிடி தளர்ந்து நாக்கு சுலபமாக அசைகிறது. வெப்பத்தில் வெந்து மொறமொறத்த பழைய பிளாஸ்டிக் நாக்கு உடையாமல் தப்புவதும் இதனால்தான்.

இதற்கெல்லாம் முன்பு பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றிவிடுங்கள். இதில் சலுகையே கிடையாது. ஆல்டர்னேட்டரில் ரப்பர் மூடிக்குள் நட்டு போட்டு இறுக்கியிருக்கும் தடித்த வயர் பேட்டரியின் பாசிட்டிவ் முனையோடு இணைந்தது. சாவியை எடுத்த பிறகும் அதில் சுமார் 12 வோல்ட் இருக்கும். ஸ்பேனர் அந்த நட்டையும் என்ஜின் உலோகத்தையும் சேர்த்துத் தொட்டால் தீப்பொறி பறக்கும், கை சுட்டுவிடும்.

நாக்கை அமுக்காமல் மேலே தூக்க வேண்டிய பிளக்குகளும், கம்பி கிளிப் போட்டவையும் உண்டு. நெம்புவதற்கு முன் டார்ச் அடித்துப் பாருங்கள். எல்லா வயர்களும் நட்டிலேயே மாட்டியிருக்கும் பழைய கார்களுக்கு இந்த உத்தி பயன்படாது. ஆரஞ்சு நிற உயர் மின்னழுத்த வயர்கள் ஓடும் ஹைப்ரிட் கார்களில் கையே வைக்காதீர்கள்.