லினக்ஸில் பயனர் மாறும்போது செய்யக்கூடாத தவறுகள்

ஒரு பயனரிலிருந்து இன்னொரு பயனருக்கு மாற உதவும் 'எஸ்யூ' (su) கட்டளை, லினக்ஸுக்கு முன்னோடியான யூனிக்ஸின் 1971-இல் வந்த முதல் பதிப்பிலேயே இருந்தது. இரண்டே எழுத்துதான். ஆனாலும் கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் டெர்மினலுக்குப் புதிதாக வருகிறவர்கள் இதில் தடுமாறிப் போகிறார்கள்.

பலரும் கட்டளைக்குப் பின்னால் வரவேண்டிய சிறு கோட்டை விட்டுவிடுகிறார்கள். வெறும் 'எஸ்யூ' அடித்தால் ரூட் (முழு அதிகாரம் உள்ள நிர்வாகக் கணக்கு) ஆகிவிடலாம், சரி. ஆனால் நிற்கும் கோப்புறை பழையது, கட்டளைகளைத் தேடும் பாதையும் பழையது. டெபியன் என்ற லினக்ஸ் வகையின் 10 அல்லது அதற்குப் பிந்தைய பதிப்பில் இப்படி ரூட்டாக மாறி, புதிய பயனரைச் சேர்க்கும் 'ஆட்யூசர்' (adduser) என்று அடித்தால், 'கமாண்ட் நாட் ஃபவுண்ட்' என்றுதான் வரும். அந்த நிரல் எங்கும் போய்விடவில்லை, 'எஸ்பின்' (sbin) கோப்புறையில் பத்திரமாக இருக்கிறது. சாதாரண பயனரின் தேடுபாதையில் அந்தக் கோப்புறை இல்லை, அவ்வளவுதான். இதற்காக மென்பொருளை மறுபடி நிறுவுவது வீண் வேலை. 'எஸ்யூ' அடித்து, ஓர் இடைவெளி விட்டு, '-' போடுங்கள். அந்தப் பயனரே புதிதாக உள்நுழைந்த மாதிரி சூழல் முழுதும் மாறிவிடும்.

அடுத்தது பாஸ்வேர்டு குழப்பம். 'எஸ்யூ' கேட்பது நீங்கள் மாறப்போகும் பயனரின் பாஸ்வேர்டை. ரூட் அதிகாரத்தோடு கட்டளைகளை இயக்க உதவும் 'சுடூ' (sudo) கேட்பது உங்களுடையதை. இன்னொரு லினக்ஸ் வகையான உபுண்டுவில் ரூட் கணக்குக்கு ஆரம்பத்தில் பாஸ்வேர்டே கிடையாது, பூட்டித்தான் வைத்திருப்பார்கள். அங்கே எத்தனை முறை முயன்றாலும் 'எஸ்யூ' வழிவிடாது. 'சுடூ -ஐ' (sudo -i) போட்டால் வேலை முடிந்தது.

எனக்கு உண்மையிலேயே கவலை தருவது, திரும்பி வரும் விதம். ரூட்டாகி வேலையை முடித்த பிறகு 'எக்சிட்' (exit) அடிக்காமல், மறுபடி 'எஸ்யூ' போட்டுத் தன் பெயருக்கே வருகிறவர்கள் உண்டு. பழைய இடத்துக்கு வந்துவிட்டதாகத்தான் தெரியும். ஆனால் ஒவ்வொரு 'எஸ்யூ'வும் ஏற்கெனவே இருக்கும் ஷெல்லின் (நாம் அடிக்கும் கட்டளைகளை வாங்கி இயக்கும் நிரல்) மேல் இன்னொரு ஷெல்லைத் திறக்கிறது. அடியில் ரூட் ஷெல் அப்படியே உயிரோடு இருக்கும். நீங்கள் எழுந்துபோன நேரத்தில் யாராவது அந்த விசைப்பலகையில் 'எக்சிட்' என்று தட்டினால் போதும், பாஸ்வேர்டு கேட்காமலே ரூட் அவர் கையில். இப்போதைய பயனர் யார் என்று சொல்லும் 'ஹூஆம்ஐ' (whoami) கட்டளைகூட இதைக் காட்டிக்கொடுக்காது. மேலே இருப்பவரின் பெயரை மட்டுமே சொல்லும். அதனால் போன வழியிலேயே, ஒவ்வொரு 'எக்சிட்'டாகப் போட்டுத் திரும்புங்கள்.

அப்புறம், ரூட்டாக இருக்கும்போது உங்கள் சொந்தக் கோப்புறையில் புதிய கோப்புகளை உருவாக்காதீர்கள். அவற்றுக்கு ரூட்தான் உரிமையாளர். நாளைக்கு நீங்களே திருத்தப் போனால் 'பெர்மிஷன் டினைட்' வரும். உடனே, எல்லோரையும் படிக்க, மாற்ற, இயக்க விடும் 777 அனுமதி கொடுப்பவர்களைப் பார்த்திருக்கிறேன்; அது அந்தக் கணினியில் கணக்கு உள்ள எல்லோருக்கும் கோப்பைத் திறந்துவிடுகிற காரியம். 'சௌன்' (chown) கட்டளையால் உரிமையாளரை உங்கள் பெயருக்கு மாற்றினாலே சரியாகிவிடும்.