ஓவர்கிளாக் ஏற மறுக்கும் கம்ப்யூட்டர்: கோளாறு எங்கே என்று கண்டுபிடிப்பது எப்படி?

பாகம் பாகமாக வாங்கி நீங்களே பொருத்திய கம்ப்யூட்டர். சும்மா இருக்கும்போது ஒழுங்காக ஓடுகிறது. ஓவர்கிளாக் செய்ய, அதாவது தயாரிப்பாளர் வைத்த வேகத்துக்கு மேல் ஓட்ட, பயாஸில் (மதர்போர்டின் அமைப்புத் திரையில்) வேகத்தைக் கொஞ்சம் ஏற்றினால் ப்ளூ ஸ்க்ரீன் வருகிறது, அல்லது திரை கறுத்து தானாக ரீஸ்டார்ட் ஆகிறது. உடனே வோல்டேஜைக் கூட்டிப் பார்க்கத்தான் கை போகும். அதை மட்டும் இப்போது செய்யாதீர்கள். பல சமயம் அந்த மெஷின் சாதாரண வேகத்திலேயே தடுமாறிக்கொண்டிருக்கும். வேகத்தை ஏற்றும்போதுதான் அது வெளியே தெரியும். முதலில் அதைச் சாதாரண வேகத்தில் அசையாமல் நிற்க வைக்க வேண்டும். ஏற்றுவதெல்லாம் அதற்குப் பிறகு.

உங்கள் பாகங்கள் ஓவர்கிளாக்கை அனுமதிக்கின்றனவா?

இன்டெல் என்றால் பிராசசர் பெயரில் எண்ணுக்குப் பின் ‘கே’ எழுத்து இருக்க வேண்டும், மதர்போர்டு இசட்690, இசட்790 போன்ற இசட் வரிசையாக இருக்க வேண்டும். பி760 போர்டில் ரேம் வேகத்தை ஏற்றலாம், பிராசசர் மல்டிப்ளையரை (அதன் வேகத்தைத் தீர்மானிக்கும் பெருக்கெண்ணை) ஏற்ற முடியாது. எச்610 போர்டில் இரண்டுமே கிடையாது. ஏ.எம்.டி. ரைசன் டெஸ்க்டாப் பிராசசர்களில் பெரும்பாலானவை பூட்டப்படாதவை. ஆனால் ரைசன் 7 5800எக்ஸ்3டி போல விதிவிலக்கும் உண்டு. ஏ520, ஏ620 போர்டுகளில் பிராசசரை ஏற்ற முடியாது. இங்கேயே தடை இருந்தால் மீதிப் படிகள் நிலைத்தன்மைக்கு மட்டும்தான் உதவும்.

படி 1: எல்லாவற்றையும் பழைய நிலைக்குக் கொண்டுவாருங்கள்

பவர் கேபிளைக் கழற்றி, பவர் பட்டனைச் சில நொடிகள் அழுத்தி மிச்ச மின்சாரத்தை வடியவிடுங்கள். மதர்போர்டு கையேட்டில், பயாஸ் அமைப்புகளை அழிக்கும் சி-மாஸ் கிளியர் பின்கள் எங்கே என்று பார்த்து, அந்த இரண்டையும் ஸ்க்ரூடிரைவர் நுனியால் பத்து நொடி தொட்டு இணையுங்கள். அல்லது வட்டமான சி.ஆர்.2032 பேட்டரியைக் கழற்றி ஐந்து நிமிடம் கழித்துப் போடுங்கள். டி.டி.ஆர்.5 ரேம் இருந்தால் அடுத்த முறை ஆன் செய்யும்போது சில நிமிடம் திரையில் எதுவும் வராமல் இருக்கலாம். ரேம் தன்னை அளந்து பழகிக்கொள்ளும் நேரம் அது, பதறிப்போய் அணைத்துவிடாதீர்கள்.

பிறகு பயாஸுக்குள் போய் எக்ஸ்.எம்.பி. அல்லது எக்ஸ்போ (ரேமைப் பெட்டியில் போட்ட வேகத்தில் ஓட வைக்கும் தயார் புரொஃபைல்) அணைந்திருக்கிறதா என்று உறுதிசெய்யுங்கள். ‘ரேமின் சொந்த வேகம்தானே’ என்று பலர் இதைக் கணக்கில் எடுப்பதில்லை. பெட்டியில் 6000 என்று போட்டிருந்தாலும் அந்த ரேம் புரொஃபைல் இல்லாமல் 4800 வாக்கில், 1.1 வோல்ட்டில்தான் ஓடும். 6000 என்பதே ஓவர்கிளாக்தான். சில போர்டுகள் பிராசசரின் பவர் வரம்பையும் தாமாகவே தளர்த்தி வைத்திருக்கும். அதையும் தயாரிப்பாளர் சொன்ன அளவுக்கு மாற்றுங்கள்.

இன்டெல் 13, 14-ஆம் தலைமுறை கோர் ஐ7, ஐ9 வைத்திருப்பவர்கள் பயாஸை அப்டேட் செய்யாமல் மேலே போகவே கூடாது. பிராசசர் தேவைக்கு மேல் வோல்டேஜ் கேட்டு நாளடைவில் பழுதாகும் சிக்கலுக்கு இன்டெல் 2024 ஆகஸ்டிலும் செப்டம்பரிலும் மைக்ரோகோட் (பிராசசரின் உள் மென்பொருள்) திருத்தங்கள் வெளியிட்டது. திருத்தம் புதிய சேதத்தைத் தடுக்கும். ஏற்கெனவே பழுதான பிராசசரைச் சரிசெய்யாது. அதற்கு வாரண்டிதான் வழி.

படி 2: கையால் தொட்டுப் பாருங்கள்

மதர்போர்டின் மேல் மூலையில் பிராசசருக்கான 8 பின் கேபிள் இருக்கும். கிளிப் கொக்கியில் மாட்டும் ‘க்ளிக்’ கேட்கும்வரை அழுத்துங்கள். நான்கு பின் மட்டும் மாட்டியிருந்தாலும் கம்ப்யூட்டர் ஆன் ஆகும், லோடு ஏறும்போதுதான் விழும். 24 பின் கனெக்டரையும் அப்படியே பாருங்கள். மாடுலர் (கேபிள்களைக் கழற்றி மாட்டக்கூடிய) பவர் சப்ளையில் வேறொரு பவர் சப்ளையின் கேபிளை ஒருபோதும் மாட்டாதீர்கள்: பிளக் பொருந்தும், பின் வரிசை மாறியிருக்கும், பாகம் எரியும்.

கூலரைக் கழற்றினால் அடியில் பிளாஸ்டிக் ஃபிலிம் ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். பிராசசருக்கும் கூலருக்கும் இடையிலுள்ள தெர்மல் பேஸ்ட் ஒரு பக்கம் மட்டும் பரவியிருந்தால் கூலர் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறது என்று அர்த்தம். திரும்ப மாட்டும்போது புதிய பேஸ்ட் போட்டு, எதிரெதிர் ஸ்க்ரூக்களை மாற்றி மாற்றிச் சமமாக முறுக்குங்கள். ஒரு பக்கம் அதிகம் முறுக்கினால் பிராசசர் பின்களின் தொடர்பு மாறி, ரேம் சேனல் ஒன்று காணாமல் போவதும் உண்டு.

படி 3: ரேம்

அதிக நேரம் ஒதுக்க வேண்டிய இடம் இதுதான், ஏனென்றால் ரேம் பிழை எந்த வேடத்திலும் வரும்: ஒரு நாள் ப்ளூ ஸ்க்ரீன், ஒரு நாள் கேம் மூடிக்கொள்ளும், ஒரு நாள் டவுன்லோடு செய்த ஜிப் ஃபைல் திறக்காது.

இரண்டு ஸ்டிக் இருந்தால் பிராசசரிலிருந்து எண்ணி இரண்டாவது, நான்காவது ஸ்லாட்டில் போடுங்கள். நான்கு ஸ்லாட் கொண்ட பெரும்பாலான போர்டுகளுக்கு இதுவே சரி, கையேட்டிலும் ஒருமுறை பாருங்கள். பிறகு மெம்டெஸ்ட்86+ என்ற இலவச மென்பொருளை யு.எஸ்.பி.யில் ஏற்றி அதிலிருந்து பூட் செய்து, இரவு முழுக்க ஓடவிடுங்கள். நான்கு பாஸ் (முழுச் சுற்று) முடிந்தும் பிழை எண்ணிக்கை பூஜ்ஜியமாக இருக்க வேண்டும். ஒரே ஒரு சிவப்பு வரி வந்தாலும் தோல்விதான். ‘ஒன்றுதானே’ என்று விட்டால், அந்த ஒன்று உங்கள் ஃபைலில் விழும் நாள் வரும்.

பிழை வந்தால் ஒரே ஒரு ஸ்டிக்கை மட்டும் இரண்டாவது ஸ்லாட்டில் வைத்துச் சோதியுங்கள். பிறகு அதே ஸ்லாட்டில் மற்றதை. பிழை ஒரு ஸ்டிக்கோடு கூடவே போனால் அந்த ஸ்டிக் கெட்டது. எந்த ஸ்டிக் போட்டாலும் அந்த ஸ்லாட்டில் மட்டும் வந்தால் ஸ்லாட், பிராசசர் பின், கூலர் அழுத்தம் ஆகியவற்றைச் சந்தேகியுங்கள். தனித்தனியாகத் தேறி, சேர்த்துப் போட்டால் பிழை வந்தால் பிராசசருக்குள் ரேமைக் கையாளும் மெமரி கன்ட்ரோலருக்குச் சுமை தாங்கவில்லை. நான்கு ஸ்டிக் போட்டவர்களுக்கு இது அதிகம் நடக்கும்: ரைசன் 7000 வரிசைக்கு நான்கு டி.டி.ஆர்.5 ஸ்டிக்கில் ஏ.எம்.டி. அதிகாரபூர்வமாகச் சொல்லும் வேகம் 3600தான். அங்கே 6000 எதிர்பார்ப்பது வீண்.

படி 4: சூடும் பிராசசரும்

வெப்பநிலை காட்டும் எச்.டபிள்யூ.இன்ஃபோ64 மென்பொருளைத் திறந்து வைத்து, பிராசசருக்கு முழு லோடு கொடுக்கும் பிரைம்95-இல் ‘ஸ்மால் எஃப்.எஃப்.டி.’ சோதனையை அரை மணி நேரம் ஓட்டுங்கள். தொடங்கிய சில நொடிகளிலேயே வெப்பநிலை 100 டிகிரியைத் தொட்டால் கூலர் சரியாக உட்காராமல் இருக்கலாம், அல்லது தண்ணீர் கூலரின் பம்ப் ஓடாமல் இருக்கலாம். பத்து நிமிடத்தில் மெதுவாக ஏறினால் கேபினெட்டில் காற்றோட்டம் போதவில்லை. ஆனால் பல ரைசன் 7000 பிராசசர்கள் முழு லோடில் 95 டிகிரிவரை போகும்படியே வடிவமைக்கப்பட்டவை. அந்த எண்ணை மட்டும் பார்த்துப் பயப்பட வேண்டாம்.

சூடு சரியாக இருந்தும் பிரைம்95-இல் ஒரு வொர்க்கர் (அது ஒரே நேரத்தில் ஓட்டும் சோதனைகளில் ஒன்று) பிழை காட்டி நின்றால் பிராசசரோ அதன் வோல்டேஜோ காரணம். ஸ்மால் தேறி ‘லார்ஜ் எஃப்.எஃப்.டி.’ மட்டும் தோற்றால் ரேம் பக்கம் திரும்புங்கள்.

படி 5: பவர் சப்ளை

ப்ளூ ஸ்க்ரீன்கூட வராமல், கேம் ஆடும்போது மட்டும் பொட்டென்று அணைந்தால் முதல் சந்தேகம் இதன்மேல்தான். 12 வோல்ட் லைன் 11.4-க்கும் 12.6-க்கும் இடையில் இருக்க வேண்டும். மென்பொருள் காட்டும் எண்ணை முழுதாக நம்பாமல், லோடு இருக்கும்போது மல்டிமீட்டரால் அளந்து பாருங்கள். கிராபிக்ஸ் கார்டில் இரண்டு கனெக்டர் இருந்தால் இரண்டு தனிக் கேபிள் மாட்டுங்கள். பவர் சப்ளையை மட்டும் திறக்கவே கூடாது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே கெபாசிட்டரில் ஆபத்தான மின்சாரம் தங்கியிருக்கும்.

விண்டோஸின் நிகழ்வுப் பதிவேடான ஈவென்ட் வியூவரில் ‘கெர்னல்-பவர் 41’ இருந்தால் கம்ப்யூட்டர் முறையாக அணையவில்லை என்று மட்டுமே பொருள், காரணம் அதில் இருக்காது. ‘டபிள்யூ.எச்.இ.ஏ.-லாகர்’ என்று இருந்தால்தான் ஹார்டுவேர் பிழையின் தடயம்.

படி 6: இப்போது ஏற்றுங்கள்

முதலில் எக்ஸ்.எம்.பி. அல்லது எக்ஸ்போவை மட்டும் ஆன் செய்து மெம்டெஸ்டைத் திரும்ப ஓட்டுங்கள். தோற்றால் 6000-லிருந்து 5800, 5600 என்று இறக்கிப் பாருங்கள். ரைசன் 7000 போன்றவை உட்காரும் ஏ.எம்.5 போர்டில் எஸ்.ஓ.சி. வோல்டேஜ் (மெமரி கன்ட்ரோலர் இருக்கும் பகுதிக்குப் போகும் வோல்டேஜ்) 1.3-ஐத் தாண்டக் கூடாது.

அது நின்ற பிறகே பிராசசர். மல்டிப்ளையரை ஒன்று ஏற்றினால் 100 மெகாஹெர்ட்ஸ். ஏற்றுங்கள், சோதியுங்கள், நோட்டில் எழுதுங்கள். விழுந்தால் 0.01 முதல் 0.02 வோல்ட் வரை கூட்டிப் பாருங்கள். இரண்டு மூன்று முறை கூட்டியும் நிற்காமல் சூடு மட்டும் ஏறினால் அந்தச் சிப்பின் எல்லை அதுதான், 100 இறங்கிவிடுங்கள். எப்போதும் ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றம். இரண்டை மாற்றிவிட்டு விழுந்தால் எது விழவைத்தது என்று தெரியாது.

ரைசனில் கர்வ் ஆப்டிமைசரை (பிராசசரின் வோல்டேஜைக் கூட்டிக் குறைக்கும் பயாஸ் அமைப்பு) மைனஸில் வைத்தவர்கள் கவனிக்க: லோடு சோதனையெல்லாம் தேறி, சும்மா இருக்கும்போது ரீஸ்டார்ட் ஆனால் மைனஸ் அளவு அதிகம். 30 வைத்திருந்தால் 20-க்கு வாருங்கள்.

நின்றுவிட்ட அமைப்பை பயாஸில் புரொஃபைலாகச் சேமித்து, ஒவ்வொரு பக்கத்தையும் போனில் போட்டோ எடுத்து வையுங்கள். பயாஸ் அப்டேட் செய்தால் சேமித்த புரொஃபைல் அழிந்துவிடலாம்.